வி-சாட்: மொட்டை மாடியிலிருந்து விண்வெளி வழியாக இன்டர்நெட்

வடமதுரையில் என்னிடம் கம்ப்யூட்டர் கற்க வருபவர்களில் பலர் தோட்டங்களில் குடியிருப்பவர்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியதும் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எங்க தோட்டத்துக்குக் கேபிள் வராது, டவரும் எட்டாது. டி.வி.க்கு மாட்டின டிஷ்லயே இன்டர்நெட் வராதா சார்?" வராது. ஆனால் வேறு வகை டிஷ்ஷில் வரும். அதன் பெயர் வி-சாட். இந்த மாதம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

காது மட்டும் போதாது

டி.டி.எச். டிஷ்ஷுக்குக் காது மட்டும்தான் உண்டு. மேலிருந்து வருவதைக் கேட்கும், திருப்பிப் பேசாது. இன்டர்நெட்டிலோ நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டால்தான் அது வரும். எனவே வி-சாட் டிஷ்ஷில் சிக்னலை வாங்கும் பகுதியுடன், மேலே அனுப்பும் டிரான்ஸ்மிட்டரும் இருக்கும். அங்கிருந்து கேபிள்கள் வீட்டுக்குள் உள்ள மோடத்துக்கு வரும். மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு லேன் கேபிள். அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்புவது செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து 'ஹப்' எனப்படும் பெரிய தரை நிலையத்தில் இறங்கும். ஹப்தான் உங்களை இன்டர்நெட்டுடன் இணைக்கிறது.

நம் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம்

இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து அமைத்த கிராம வள மையங்களை 2004 அக்டோபர் 18 அன்று அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டில் முதலில் இடம்பெற்ற ஊர்கள் திருவையாறு, தங்கச்சிமடம், நம் திண்டுக்கல் மாவட்டத்தின் செம்பட்டி. கிராமத்தில் உள்ளவர்கள் விவசாய ஆலோசனை, மருத்துவ ஆலோசனை, பயிற்சி ஆகியவற்றைத் திரையில் முகம் பார்த்துப் பெறுவதற்காக, செயற்கைக்கோள் வழியே இந்த மையங்கள் இணைக்கப்பட்டன. கேபிள் எட்டாத ஊருக்கும் நிபுணரின் குரல் எட்டும் என்பதுதான் இதன் பயன்.

ஏன் தாமதம்?

இத்தகைய செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ளன. பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும்.

சிக்னல் ஒரு நொடியில் 3 லட்சம் கி.மீ. போகும். மேலே 36,000, கீழே 36,000 என்றால் கிட்டத்தட்ட கால் நொடி. பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்த அரை நொடியைக் குறைக்க முடியாது. ஸ்டார்லிங்க் போன்றவற்றில் தாமதம் குறைவு. காரணம், அவற்றின் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்திலேயே சுற்றுகின்றன.

சோதித்துப் பாருங்கள்

விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். தோன்றும் கட்டத்தில் சி, எம், டி என்ற ஆங்கில எழுத்துக்களைத் தட்டி என்டர் செய்யுங்கள். கறுப்புத் திரையில் பிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு 8.8.8.8 என்று தட்டி என்டர் செய்யுங்கள். 'டைம்' என்ற இடத்தில் வருவது மில்லி செகண்ட். சாதாரண பிராட்பேண்டில் இது பெரும்பாலும் 100க்குள் இருக்கும். 36,000 கி.மீ. வி-சாட்டில் 500ஐத் தாண்டும். மெயில், படிவங்கள், பாடங்கள் ஆகியவற்றுக்கு இது தடையல்ல. வேகமான ஆன்லைன் விளையாட்டுக்கு ஒத்துவராது.

வாங்கும் முன் கவனிக்க

1. வி-சாட் சிக்னலை அனுப்பும் கருவி. எனவே உரிமம் பெற்ற நிறுவனத்திடம் மட்டுமே இணைப்பு வாங்குங்கள். "டி.வி. டிஷ்ஷிலேயே போட்டுத் தருகிறேன்" என்பவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

2. வடமதுரையிலிருந்து பார்த்தால் 83 டிகிரி கிழக்கில் உள்ள செயற்கைக்கோள், தெற்கே சற்றுக் கிழக்காக, உச்சிக்கு அருகில் இருக்கும். தூரத்து மரங்கள் மறைக்காது. டிஷ்ஷுக்கு மேல் சாயும் தென்னை மட்டை மறைக்கும்.

3. 'கேயூ பேண்ட்' இணைப்பு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சிறிது நேரம் விட்டுப் போகலாம். மழை ஓய்ந்ததும் தானே வரும்.

4. மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும்போது சில நிமிடங்கள் இணைப்பு போகும். அதற்காக மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம்.

5. காற்றில் டிஷ் கொஞ்சம் அசைந்தாலும் இணைப்பு போய்விடும். கான்கிரீட்டில் ஊன்றுங்கள். மோடத்துக்கு யு.பி.எஸ். அவசியம்.

கேபிளோ செல்போன் சிக்னலோ நன்றாகக் கிடைக்கும் இடத்தில் அதுவே மலிவு. இரண்டும் எட்டாத இடத்தில் மட்டும் வி-சாட்டைத் தேர்ந்தெடுங்கள்.