தலைவலி என்று வீட்டிலிருந்து போன் வந்தால்

கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு வீட்டிலிருந்து வரும் போன் பெரும்பாலும் தொந்தரவாகவே படும். வாசலில் லாரி நிற்கும். லோடு இறக்குகிறவர்கள் காத்திருப்பார்கள். சில்லறைக் கடைக்காரர்கள் சிட்டையை நீட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் "தலை வலிக்குதுங்க" என்று மனைவி சொன்னால், "மாத்திரை போட்டுக்கிட்டுப் படு, வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுவதே நம்மில் பலருடைய வழக்கம். அநேக நாட்களில் அது சரியாகவும் போய்விடுகிறது. சரியாகப் போகாத ஒரு நாளைப் பற்றியே இங்கே எழுதுகிறோம். நாம் வைத்தியம் படித்தவர் அல்ல. பட்டும், டாக்டர்களிடம் கேட்டும், தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை நம் வணிகப் பெருமக்களுக்குப் பயன்படும் என்று சொல்கிறோம்.

2018 தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. நமக்குக் கடை மேற்குத் தாம்பரத்தில், வீடு சேலையூரில். காலை பதினோரு மணிக்கு அடுக்களையில் எண்ணெய்ச் சட்டியை இறக்கக் குனிந்தபோது, பின்மண்டையில் யாரோ உலக்கையால் அடித்தது போல இருந்தது என்று வீட்டில் போன் செய்தார்கள். மாத்திரை போடச் சொன்னோம். போட்டதும் கொஞ்சம் தணிந்தது. அதனால் திரும்பக் கூப்பிடவில்லை. பிறகு வாந்தி வந்தது. பித்தம் என்று எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்கள். இரண்டரை மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற நர்ஸ் அவர். "அண்ணாச்சி, அக்காவுக்குத் தாடையை நெஞ்சில் வைக்கக் கழுத்து மடங்க மாட்டேங்குது. இது பித்தம் இல்லை, உடனே வாங்க" என்றார்.

பாலத்து நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்து, அருகிலிருந்த ஒரு நர்ஸிங் ஹோமுக்கு அழைத்துப் போனோம். வாயுவுக்கு ஊசி போட்டு ஒரு மணி நேரம் படுக்க வைத்தார்கள். அங்கே ஸ்கேன் வசதி கிடையாது என்பதை நாம் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. அங்கிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் ஸ்கேன் அறைக்குள் விட்டபோது மணி நாலே முக்கால். மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருந்தது.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" இரண்டாவது கேள்வி, "ஆரம்பித்து எவ்வளவு நேரத்தில் உச்சத்துக்குப் போனது?" எவ்வளவு வலிக்கிறது என்று அவர் கேட்டது அதற்கப்புறம்தான். நாமோ காலையிலிருந்து "இப்ப எப்படி இருக்கு, குறைஞ்சுதா?" என்று அது ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

சரக்கு வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் எளிதில் விளங்கும். ஒரு சரக்கின் விலை பத்து நாளில் மெல்ல மெல்ல ஏறினால் அதற்கு ஒரு காரணம். ஒரே காலையில் தாவினால் அதற்கு வேறு காரணம். சாதாரணத் தலைவலி, ஒற்றைத் தலைவலி இரண்டும் பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி என்று படிப்படியாக ஏறும். மூளையின் இரத்தக் குழாய் வெடித்தால் வரும் வலி சில விநாடிகளில், மிஞ்சினால் ஒரு நிமிடத்தில், உச்சத்துக்குப் போய்விடும். டாக்டர்கள் இதை இடி இடித்தாற்போல் வரும் தலைவலி என்கிறார்கள். நைந்த சைக்கிள் டியூபில் ஓரிடம் புடைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மூளையின் அடிப்பக்கத்துக் குழாயிலும் அப்படிச் சிலருக்குப் புடைத்திருக்கும். பல வருஷம் எந்தத் தொந்தரவும் தராமல் இருந்து ஒரு நாள் வெடிக்கும். பிரஷரும் புகைப் பழக்கமும் அதற்குத் துணை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் கசிவு தானாக நின்று வலி தணிவதும் உண்டு. ஆனால் அதே இடம் மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். ஆகவே மாத்திரையில் வலி குறைந்தது என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கனடா நாட்டில் டாக்டர் பெர்ரி என்பவரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2011-ல் வெளியானது. ஒரு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போன தலைவலியோடு, நல்ல நினைவுடன் ஆஸ்பத்திரிக்கு வந்த 3,132 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 240 பேருக்கு இவ்வகை இரத்தக் கசிவு இருந்தது. நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. "அப்படியானால் தொண்ணூற்றிரண்டு பேருக்கு ஒன்றுமில்லையே" என்று கேட்கலாம். நூறு மூட்டையில் எட்டு மூட்டை கெட்டது என்று தெரிந்தால் நம்மில் யாராவது குத்தூசி போட்டுப் பார்க்காமல் பணம் எண்ணிக் கொடுப்போமா? அதே ஆய்வில் வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுத்த 953 பேரில், கசிவு இருந்த 121 பேரையும் ஸ்கேன் காட்டிவிட்டது. அதற்குப் பிறகு எடுத்தவர்களிடம் கசிவு இருந்தும் ஏழில் ஒருவருக்கு ஸ்கேனில் தெரியவில்லை. அப்படி நேரம் கடந்தால் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டி வரும். மனைவிக்குப் பதினோரு மணிக்கு ஆரம்பித்தது, நாலே முக்காலுக்கு ஸ்கேன். கால் மணி நேரம்தான் மிச்சம் இருந்தது.

அதே ஆய்வாளர்கள் 2013-ல் டாக்டர்களுக்கென்று ஒரு விதி எழுதினார்கள். திடீர்த் தலைவலியோடு வருபவர் 40 வயதைத் தாண்டியிருந்தாலோ, கழுத்து வலியோ விறைப்போ இருந்தாலோ, கழுத்து முன்பக்கம் மடங்காவிட்டாலோ, நினைவு தப்பியதை யாராவது பார்த்திருந்தாலோ, பாரம் தூக்குவது போன்ற சிரமமான வேலையின்போது வலி வந்திருந்தாலோ, எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போயிருந்தாலோ, இவற்றில் ஏதாவது ஒன்று போதும், மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்பது அந்த விதி. நம் சங்கத்தில் நாற்பதைத் தாண்டாத குடும்பத் தலைவர்கள் எத்தனை பேர்?

வசதியும் வைத்தியரும் பக்கத்திலேயே இருந்தால் போதும் என்பதற்கில்லை. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸில் தம் படத்தை வரைவதற்காக உட்கார்ந்திருந்தார். பகல் ஒரு மணி வாக்கில் பின்தலையில் கடும் வலி என்று சொல்லிச் சாய்ந்தார். மூன்று மணி முப்பத்தைந்து நிமிடத்துக்கு உயிர் பிரிந்தது. வயது 63. இதய டாக்டர் கூடவே இருந்தார். ஸ்கேன் என்ற ஒன்று அன்று கிடையாது. ஏறிக்கிடந்த பிரஷரை இறக்க நல்ல மாத்திரையும் அப்போது இல்லை. இன்று இரண்டும் நமக்கு இருக்கின்றன. பிரஷர் மாத்திரையை நடுவில் நிறுத்திவிடுகிற அன்பர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இது சட்டென்று வரும் வகை. நாள் கணக்கில் நீளும் இன்னொரு வகையும் உண்டு. அதற்கு நம் தமிழ்நாட்டிலேயே எல்லோரும் அறிந்த உதாரணம் இருக்கிறது. கோவை ஈஷா யோக மையத்தின் சத்குரு ஜக்கி வாசுதேவ் 2024-ல் ஏறக்குறைய நான்கு வாரம் கடும் தலைவலியோடு தம் வேலைகளைச் செய்துவந்தார். மார்ச் 8 மகா சிவராத்திரி விழாவையும் விடிய விடிய நடத்தினார். மார்ச் நடுவில் டெல்லியில் ஸ்கேன் எடுத்தபோது மூளையில் பெரும் இரத்தக் கசிவு தெரிந்தது. பழைய கசிவும் இருந்தது, புதியதும் இருந்தது. அதற்கப்புறமும் ஒப்புக்கொண்ட கூட்டங்களை முடித்தார். மார்ச் 17 அன்று இடது கால் பலவீனமாகி, வாந்தியும் வந்து, அப்போலோ ஆஸ்பத்திரியில் அவசரமாக அறுவை சிகிச்சை நடந்தது. பத்து நாளில் வீடு திரும்பினார். எல்லோருக்கும் அப்படி வாய்க்கும் என்று சொல்வதற்கில்லை. வயதானவர்கள் நிலையில் தலையை இடித்துக்கொண்டு மறந்துவிடுவார்கள். வாரங்கள் கழித்துத் தலைவலியும் தடுமாற்றமும் வரும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் எளிதில் நேரும். கிடங்கில் தாழ்வான உத்தரம் உள்ளவர்கள் கவனிக்க.

தலைவலியோடு வாய் கோணினாலும், பேச்சுக் குழறினாலும், ஒரு பக்கம் கை கால் இழுத்தாலும், வலிப்பு வந்தாலும் யோசிக்கவே வேண்டாம், ஆஸ்பத்திரிதான். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்து வந்தாலும் அப்படியே. பிரசவமாகிச் சில வாரங்களே ஆன மகளோ மருமகளோ புதிதாகக் கடும் தலைவலி என்றால் "தலைக்குக் குளித்த நீர்" என்று விட்டுவிடக் கூடாது. மூளையில் இரத்தம் உறையும் நோய் அந்தச் சமயத்தில் வருவதுண்டு. கண் சிவந்து பார்வை மங்கினால் அது கண்ணழுத்தமாக இருக்கலாம், அதுவும் அவசரமே. கடைக்காரர்களுக்கென்று தனியாக ஒன்று: மின்சாரம் நின்று, ஷட்டரை இறக்கிய கடைக்குள்ளோ படிக்கட்டடியிலோ ஜெனரேட்டர் ஓடும்போது, உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்குமே தலைவலி வந்தால் அது புகை விஷம். முதலில் எல்லோரும் வெளியே வர வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

அதற்காக எல்லாத் தலைவலிக்கும் ஓட வேண்டியதில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கர்நாடகத்தில் வீடு வீடாக எடுத்த கணக்கில், நூற்றுக்கு 64 பேருக்கு அந்த ஓராண்டில் ஏதாவது ஒரு தலைவலி வந்திருந்தது. நான்கில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி. பல வருஷமாக வந்து போகும் தலைவலி, பழைய வாடிக்கையாளர் மாதிரி. அதன் நடை நமக்குத் தெரியும். எனவே வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி, "இது உனக்கு வழக்கமாக வருகிற வலிதானா?" என்பதே. "இல்லை, இப்படி வந்ததே இல்லை" என்று பதில் வந்தால் அந்த வார்த்தை போதும்.

வந்த பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. வாந்தியோ மயக்கமோ இருந்தால் சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வலி ஆரம்பித்த மணியைத் தாளில் எழுதி, சாப்பிடும் மாத்திரைகளையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போவது மிகவும் தவறு. வழியில் நினைவு தப்பினால் என்ன செய்வோம்? 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது, காசு கிடையாது. பண்டிகைக் காலத்தில் சண்முகம் சாலை போன்ற இடங்களில் வண்டி நுழைவது கஷ்டம். நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து மெயின் ரோட்டுக்குக் கொண்டுவர நாலு ஆள் நம் கடையிலேயே இருக்கிறார்கள். இரவு பகல் ஸ்கேன் எங்கே உண்டு, மூளை டாக்டர் எங்கே உண்டு என்பதை இன்றே விசாரித்து வைக்க வேண்டும். கடைசி நேரத்தில் விசாரித்தால் நமக்கு நேர்ந்ததுதான் நேரும். தனியாரைத்தான் தேட வேண்டும் என்பதுமில்லை. சென்டிரலுக்கு எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-லேயே நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிவைத்தார். கடை ஊழியர்களின் குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டு, இல்லாவிட்டால் எடுக்க வைப்பதும் முதலாளியின் வேலைதான்.

இதில் சிரமமான காரியம் ஒன்றே ஒன்று. நோயாளி வரமாட்டேன் என்பார். "கடையில் கூட்டமா இருக்கும், நீங்க பாருங்க, எனக்கு ஒண்ணுமில்லை" என்றே நம் வீட்டிலும் சொன்னார்கள். முப்பது வருஷம் நம் வேலையை மதித்துப் பழகியவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? வீண் செலவு என்ற பயமும் உண்டு. தலைக்கு எடுக்கும் சாதா ஸ்கேனுக்குப் பெரும்பாலான இடங்களில் ஒரு மூட்டை துவரம் பருப்பின் விலைகூட ஆகாது. ஆகவே போவதா வேண்டாமா என்ற முடிவை வலிப்பவரிடம் விடக் கூடாது, கல்லாவில் இருப்பவரிடமும் விடக் கூடாது. அந்த நேரத்தில் யார் பக்கத்தில் நிற்கிறார்களோ அவர்களே முடிவு செய்ய வேண்டும்.

அன்று இரவே தொடை வழியாகக் கம்பிச் சுருள் செலுத்தி அந்தப் புடைப்பை அடைத்தார்கள். பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். இப்போதும் சில பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வராது, மற்றபடி நலம். கடையில் போனுக்கு மேலே ஒரு அட்டை ஒட்டியிருக்கிறோம். அதில் 108 என்ற எண்ணும், ஸ்கேன் உள்ள இரண்டு ஆஸ்பத்திரிகளின் எண்களும், "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்ற கேள்வியும் இருக்கின்றன. கடைப் பையன்களிடமும் சொல்லியிருக்கிறோம்: எந்த வீட்டிலிருந்து அப்படிப் போன் வந்தாலும் முதலாளியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள், நமக்கு அப்புறம் சொன்னால் போதும்.