லத்தி அள்ளத் தெரிந்தவருக்கே ஆய்வகம்

குமரி மாவட்டத்தில் பூதப்பாண்டியைத் தாண்டிக் கீரிப்பாறைப் பக்கம் போனால் ரப்பர் தோட்டமும் யானைக் காடும் அக்கம்பக்கமாகவே இருக்கும். 2022-இல் அறிவிக்கப்பட்ட அகத்தியமலை யானைகள் காப்பகம், கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 1,197 சதுர கிலோமீட்டர். இந்த மலையடிவாரத்தில் விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கு முன்னே போனவர்களின் அனுபவம் உதவும்.

ஐதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் (சி.சி.எம்.பி.) லேகோன்ஸ் ஆய்வகத்தில் விலங்குகளின் மன அழுத்த ஹார்மோன்களை அளப்பவர் ஜி. உமாபதி. ஆனால் அவர் தொடங்கியது ஆனைமலையில். துண்டு துண்டாகிப்போன மழைக்காடுகளில் சிங்கவால் குரங்கு போன்ற மரவாழ் விலங்குகள் எங்கெங்கே மிஞ்சியிருக்கின்றன என்று தேடி, ஆய்வாளர் அஜித் குமாருடன் சேர்ந்து 2000-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். முதலில் காடு, பிறகுதான் கருவி. புதிதாக வருபவர்களுக்கும் இந்த வரிசையே நல்லது.

அழுத்த ஹார்மோனை அளக்கக் காட்டு யானையை மடக்கி ரத்தம் எடுத்தால், எடுக்கும் கலவரமே அழுத்தத்தைக் கூட்டிவிடும். யானைச் சாணமான லத்தியில் அந்தத் தொல்லை இல்லை; ஒன்றிரண்டு நாளுக்கு முந்தைய நிலை அதில் பதிந்திருக்கும். அமெரிக்காவில் சாமுவேல் வாசர் குழு 1997-இலேயே ஆந்தை எச்சத்தை அளந்து, மரம் வெட்டும் சாலைக்கு அருகே வாழும் ஆண் ஆந்தைகளுக்கு அழுத்தம் அதிகம் என்று காட்டியது.

கைவேலை எளிது போலத் தோன்றும். பச்சை வாடை மாறாத, ஈரம் காயாத லத்தியாக இருக்க வேண்டும். மூத்திரம் பட்ட பகுதியை ஒதுக்கி, உருண்டையின் உட்புறத்தில் நாலைந்து இடங்களில் கிள்ளிக் கலந்து, பெயர்ச்சீட்டு ஒட்டி உடனே ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்தாலும் மழையில் நனைந்தாலும் கணக்கு மாறிவிடும். எது இன்று காலை போட்டது, எது நேற்றையது என்று பார்த்தவுடன் சொல்பவர்கள் காணிக்காரப் பழங்குடியினரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும்தான். அவர்களோடு நடப்பதும் படிப்பில் சேர்த்தி.

ஆய்வகத்தில் வரும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆர். சுகுமார் குழுவில் இருந்த சஞ்சீதா சர்மா போகரேல், பயிர் மேயும் யானைகளுக்கு அழுத்த ஹார்மோன் குறைவு என்று கண்டார். விரட்டுபவர்களும் வெடிச்சத்தமும் இருந்தும் குறைவு! வயல் தரும் சத்தான தீனி காரணமாகலாம் என்பது அக்குழுவின் விளக்கம். தீனி, பருவம், உடல்நிலை மூன்றையும் பக்கத்தில் குறித்துவைக்காதவருக்கு இந்த விளக்கம் எட்டியிருக்காது.

வனஉயிரியல் மேற்படிப்புக்கு மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி, டேராடூன் இந்திய வனஉயிர் நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.) ஆகியவற்றின் பெயர்கள் முதலில் வரும். சரணாலயத்துக்குள் கால்வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். அது கைக்கு வரச் சில மாதங்கள்கூட ஆகலாம் என்பதால், லத்தி கிடைக்கும் பருவத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே மனுப் போட வேண்டும். வழிகாட்டிக்கு எழுதும் கடிதத்தில் யானை பிடிக்கும் என்று எழுதுவதைவிட, கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் நடமாடும் யானைக்கும் உள்காட்டு யானைக்கும் அழுத்தத்தில் வேறுபாடு உண்டா என்று கேட்டு எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.