சுள்ளி வெளியே போகாத காடு

நம் கூட்டங்களில் யாராவது ஒருவர் எழுந்து கேட்காமல் இருக்க மாட்டார்: "காட்டுக்கு யாருங்க உரம் போட்டா? யாரு தண்ணி பாய்ச்சினா?" கைதட்டல் விழும். நானும் கைதட்டியவன்தான். அதை அப்படியே நம்பி, திண்டிவனம் பக்கத்து எங்கள் செம்மண் கொல்லையில் மூன்று வருஷம் எதுவும் போடாமல் மணிலா விதைத்தவனும்கூட. முதல் வருஷம் பரவாயில்லை. மூன்றாம் வருஷம் செடி ஒரு சாணைத் தாண்டவில்லை, பாதிக் காய் பொக்கு. என் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. கொல்லையின் மேற்கோரம் அரை ஏக்கர் காரை, களா, சங்கஞ்செடி என்று புதராகக் கிடக்கிறது. "அதையாவது ஜேசிபி விட்டு அள்ளிட்டு முந்திரி வைப்போம்ணா" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, காட்டைக் காட்டிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

போனது கீழ்ப்புத்துப்பட்டு. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் 15 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அய்யனார் கோயிலைச் சுற்றி நிற்கிறது அந்தக் காடு. விசேஷ நாட்களில் கூட்டம் நெரியும் என்பதால் பங்குனி மாதத்து புதன்கிழமை ஒன்றில் போனேன். எங்கள் ஊரிலிருந்து மரக்காணம் வரை ஒரு பஸ், அங்கிருந்து தெற்கே இன்னொன்று. உப்பளம் தாண்டினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உள்ளே தள்ளி கழுவேலி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்களே, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்ததே, அதேதான். நம் வட்டாரத்து ஏரிகள் பலவற்றின் உபரித் தண்ணீர் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருகிறது. ஐப்பசி மழையில் நம் கொல்லையிலிருந்து செம்பழுப்பாக ஓடுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால், அங்கேதான்.

மிச்ச வழி முழுக்கச் சவுக்கு, முந்திரி, நடுநடுவே பனை. சவுக்கு வேர் முடிச்சு மூலம் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கிற மரம்தான். ஆனால் நாலைந்து வருஷத்தில் வெட்டி, கட்டையையும் தோண்டி எடுத்து, கீழே விழுந்த சருகையும் அடுப்புக்குக் கூட்டி அள்ளிவிடுகிறோம். வெட்டி முடித்த ஒரு தோப்பைத் தாண்டிப் போனது பஸ். தரை வெள்ளை மணலாகக் கிடந்தது.

காட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தெரிவது இருட்டு. பங்குனி உச்சி வெயிலில், கடைசி நல்ல மழை பெய்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியும், அத்தனையும் பச்சை. இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். 1968-ல் சாம்பியனும் சேத்தும் செய்த இந்தியக் காடுகளின் வகைப்பாட்டிலேயே இதற்குத் தனி இடம் உண்டு. சோழமண்டலக் கரையை ஒட்டித்தான் இது வளரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட, அப்புறம் ஆறு மாதம் காய்ச்சல். நம் கொல்லைக்கும் இதே மழை, இதே காய்ச்சல்தான். இன்று கோயில் காடுகளாகவும் கோடியக்கரை போன்ற சில துண்டுகளாகவும்தான் மிஞ்சியிருக்கிறது.

மரங்கள் உயரமில்லை. பெரும்பாலும் நம் தென்னைக்குக் கீழேதான் நிற்கும். அதிகம் இருப்பது காயா. பெருமாள் நிறத்துக்கு உவமை சொல்வார்களே, அந்தக் காயாம்பூ மரம். அதோடு வீரை, பாலை, நாவல், எட்டி, எல்லாவற்றையும் பின்னிக்கொண்டு தொடை பருமனில் கொடிகள். காயா இலை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தோல் மாதிரி தடிப்பு, மேலே மெழுகு பூசிய மினுமினுப்பு. இப்படி ஒரு இலையைச் செய்ய மரத்துக்குச் செலவு அதிகம், அதனால் சீக்கிரம் உதிர்க்காது. உதிர்ந்தாலும் சீக்கிரம் மக்காது. கோடை முழுக்க மண்ணுக்குப் போர்வையாகக் கிடக்கும்.

சாமி இடம் என்பதால் தோண்டவில்லை, சருகை மட்டும் கையால் விலக்கினேன். மேலே முழு இலை, அடியில் ஓட்டை விழுந்து நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, அதற்கும் அடியில் கறுப்பு மக்கு. அதில் வெள்ளை நூலாகப் பூஞ்சணம், மரவட்டைகள், ஓரத்தில் கரையான் மண். மக்குக்குள்ளேயே மெல்லிய வேர்கள் ஏறி வந்து பின்னிக் கிடந்தன. மரம் தான் போட்டதைத் தானே எடுத்துக்கொள்ள வாசலிலேயே காத்திருக்கிறது! கையிலிருந்த பாட்டிலைச் சாய்த்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற உள்ளே போனது.

இதுவரை நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கேயும் அதே மரங்கள், இன்னும் பெரிசாகவே. ஆனால் பொங்கல் வைக்கவும் வண்டி நிறுத்தவும் தரையைக் கூட்டிப் பெருக்கி, மிதித்து மிதித்து சிமெண்டுத் தளம் மாதிரி ஆகியிருக்கிறது. பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் வேறு. ஒரு நாற்று இல்லை. உள்ளே காலடி வைக்க இடமில்லாமல் முழங்கால் உயரத்துக்குக் கன்றுகள், இங்கே கிழவர்கள் மட்டும் நிற்கிற ஊர் மாதிரி. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை இங்கே ஊற்றினேன். குட்டையாக நின்று, பிறகு சரிந்து ஓடியது. ஒரே மரம், ஒரே மழை, ஒரே மண், நூறு தப்படி தூரம்தான் வித்தியாசம்.

பொங்கல் பானை விற்கிற ஒரு பெரியம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். அடுப்புக்கு விறகு உள்ளேயிருந்துதானா என்று கேட்டதும் முறைத்தார். "சாமி காட்டுச் சுள்ளிய இங்கியே எரிச்சுப் பொங்க வைக்கலாம்பா. வூட்டுக்கு எடுத்தாரக் கூடாது. எங்க ஆயா காலத்துலருந்து அப்டித்தான்."

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் அது உறைத்தது. காட்டுக்கு யார் உரம் போட்டது என்று கேட்கிறோமே, காட்டிலிருந்து யார் மூட்டை கட்டி எடுத்துப் போனது என்று நாம் கேட்பதே இல்லை. சுள்ளிகூட வெளியே போகவில்லை. பறவையும் மரநாயும் பழத்தைத் தின்று அங்கேயே எச்சமிடுகின்றன. என் கொல்லையில்? மணிலாவை வேரோடு பிடுங்குகிறேன். காயை வியாபாரி எடுத்துக்கொள்கிறார், கொடி தீவனத்துக்குப் போகிறது. பயறு வகைப் பயிர், மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று சொல்லிக்கொள்கிறோம். சேர்த்த தழைச்சத்தில் பெரும்பகுதி காயிலும் கொடியிலும் இருக்கிறது. இரண்டையும் வண்டி ஏற்றிவிட்டால் மண்ணுக்கு என்ன மிச்சம்? நெல்லிலும் இதே கதை. பயிர் எடுக்கிற சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில் நிற்கிறது. வைக்கோலை விற்றால் அதையும் விற்றதாகத்தான் அர்த்தம். "எதுவும் போடாதே" என்பதை மட்டும் காட்டிடமிருந்து எடுத்துக்கொண்டேன். "எதுவும் எடுக்காதே" என்பதை விட்டுவிட்டேன். பொக்குக் காய்க்குக் காரணம் தேடி வேறெங்கும் போகவேண்டியிருக்கவில்லை.

விவசாயி எடுக்காமல் இருக்க முடியாது, அதுதான் பிழைப்பு. ஆகவே காடு மாதிரி விவசாயம் செய்கிறோம் என்று சும்மா சொல்ல முடியாது. எடுத்ததில் எதைத் திருப்பலாம் என்று கணக்குப் போடலாம். நான் முதலில் கை வைத்தது கொடியில். வீட்டில் இரண்டு மாடு இருந்தும் கொடியை விற்றுக்கொண்டிருந்தோம், ஏனென்றால் அந்தக் காசில்தான் காய் ஆய்கிற கூலியைக் கொடுப்போம். இப்போது கொடி மாட்டுக்கு, சாணமும் மூத்திரம் ஊறிய குப்பையும் கொல்லைக்கு. கூலிப் பணத்துக்கு அந்த வருஷம் ஒரு ஆட்டை விற்க வேண்டியதாயிற்று. வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இதை மறைத்து எழுதினால் புதிதாக வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

வரப்போரத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்துவதையும் நிறுத்தியாயிற்று. ஒன்றும் சொல்லாமல் செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய பால் பவுடர் டப்பாவின் அடியை வெட்டிவிட்டு, மண்ணில் இரண்டு அங்குலம் இறங்கும்படி ஒரு பலகை வைத்துத் தட்டுங்கள். அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, வற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். காய்ந்த மண் முதல் தண்ணீரைச் சும்மாவே குடித்துவிடும், அதனால் இரண்டாவது தடவை ஊற்றுவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். நடு வயலில் ஒரு இடம், வரப்பு மரத்தடியில் ஒரு இடம், டிராக்டர் திரும்புகிற முனையில் ஒரு இடம் என்று மூன்றையும் ஒரே நாளில் செய்யுங்கள். எழுதி வைத்து, அடுத்த வருஷம் அதே மாதம் மறுபடி பாருங்கள்.

நான் செய்தபோது தம்பியும் கூட இருந்தான். டிராக்டர் முனையில் தண்ணீர் நிற்க, டீ குடித்துவிட்டு வந்தோம், அப்போதும் நின்றது. பிறகு அவனே டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேற்கோரப் புதருக்குள் குனிந்து போனான். களா முள் கீறி, கை முழுக்க ரத்தம். இரண்டாம் தடவை ஊற்றியதும் சீக்கிரமே வற்றிவிட்டது. டப்பாவைப் பிடுங்கும்போது பக்கத்தில் ஒரு கன்றைக் காட்டி, "இது இன்னாண்ணா, நாம வைக்கலியே" என்றான். நாவல். எந்தச் சின்னான் குருவி போட்டதோ.

ஜேசிபி பேச்சை இந்த மழை முடியும் வரை எடுப்பதில்லை என்று பேசியிருக்கிறோம். அப்புறம் பார்க்கலாம் என்கிறான்.