ஜெல்லிக்குள் ஒரு வீடு

(பத்தாம் வகுப்பு 'அ')

கடற்பாசி இனிப்பை விரும்பாதவர் நம்மில் யார்? பாலும் சீனியும் கடற்பாசியும் சேர்த்துக் காய்ச்சி ஆற வைத்தால் அது கட்டியாகிவிடுகிறது. அதில் பெரும்பகுதி நீர்தான். ஆனாலும் அது வழிந்து ஓடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வலை ஒன்று நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. இத்தகைய பொருளையே ஹைட்ரோஜெல் என்கிறார்கள்.

1881-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில், ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்பவர் பணியாற்றினார். நுண்ணுயிர்களை வளர்க்க அவர் பயன்படுத்திய ஜெலட்டின் வெயிலில் உருகிப் போயிற்று. அவருடைய மனைவி ஃபேனி அம்மையார், தாம் சமையலில் சேர்க்கும் கடற்பாசியைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். அந்த யோசனை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

இன்று ஜெல்லுக்கு இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. புதிய மருந்துகளை முதலில் மனிதச் செல்களில் சோதிப்பார்கள். நெடுங்காலமாக அச்செல்களைத் தட்டையான தட்டில் வளர்த்தார்கள். ஆனால் நம் உடலில் எந்தச் செல்லும் தட்டில் படுத்திருப்பதில்லை. பெரும்பாலான செல்கள் மென்மையான வலை சூழத்தான் வாழ்கின்றன. 1992-இல் ஓலே பீட்டர்சன், மினா பிஸல் ஆகியோரின் குழு மார்பகச் செல்களை ஜெல்லுக்குள் வளர்த்துப் பார்த்தது. தட்டில் வேறுபாடு காண்பதற்கு அரிதாயிருந்த நல்ல செல்லும் புற்றுச் செல்லும் ஜெல்லுக்குள் தெளிவாக வேறுபட்டன. நல்லவை சிறு உருண்டைகளாக ஒழுங்குபட்டு, வளர்ச்சியை நிறுத்திக்கொண்டன. புற்றுச் செல்களோ ஒழுங்கின்றிப் பெருகின.

எனினும் ஜெல் மட்டும் போதாது. கட்டி தடிமனானால் நடுவிலுள்ள செல்களுக்குப் பிராணவாயு எட்டாது, அவை மடிந்துவிடும். உடலில் இக்குறையை இரத்தக் குழாய்கள் தீர்க்கின்றன. ஆய்வுக்கூடத்தில் அந்த வேலையை, தலைமுடியளவு மெல்லிய கால்வாய்களில் திரவத்தை ஓட்டும் மைக்ரோஃபுளூயிடிக்ஸ் முறை செய்கிறது.

2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்ட் இங்பர், டான் ஹூ ஆகியோரின் குழு, அழிரப்பர் அளவேயுள்ள சிலிக்கோன் சில்லில் நுரையீரலைப் போன்ற அமைப்பை உருவாக்கியது. துளைகளுள்ள மெல்லிய சவ்வின் ஒருபுறம் காற்றோடு நுரையீரல் செல்கள். மறுபுறம் திரவத்தோடு இரத்தக் குழாய்ச் செல்கள். பக்கங்களில் காற்றை உறிஞ்சி விட்டால் சவ்வு மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்குகிறது!

இதனால் நமக்கு என்ன பயன்? விலங்குகளிடம் நல்ல பலன் காட்டி மனிதரிடம் சோதனைக்கு வரும் மருந்துகளில், பத்தில் ஏறத்தாழ ஒன்பது தோற்றுப்போகின்றன. அவற்றை நம்பிக் காத்திருக்கும் நோயாளிகளின் ஏமாற்றம் எத்தகையது! 2022 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்கா தன் சட்டத்தைத் திருத்தி, விலங்குச் சோதனைக்கு மாற்றாக இத்தகைய சில்லுகளின் முடிவுகளையும் காட்டலாம் என்றது. ஒரு சில்லு முழு உடலாகிவிடாது என்பது உண்மையே. ஆயினும் பொய்யான நம்பிக்கையை முன்கூட்டியே காட்டிக் கொடுத்தால் அதுவே பெரும் உதவியன்றோ?

சரியான சூழல் கிடைத்தால்தான் செல்லும் தன் உண்மை இயல்பைக் காட்டுகிறது. அடுத்த முறை கடற்பாசி காய்ச்சும்போது ஃபேனி அம்மையாரை நினைப்போம். சமையலறையில் தோன்றும் யோசனையும் ஆய்வுக்கூடத்துக்கு வழிகாட்டும் என்பதை நாம் மறவாதிருப்போமாக!