பல ஆவணம், ஒரு சுருக்கம்

காவிரியும் அதன் கிளையாறுகளும் வளம் சேர்க்கும் ஊர் திருவையாறு. இங்குக் குறுவைச் சாகுபடி மேட்டூர் அணையின் நீர்திறப்பை எதிர்நோக்கியே தொடங்கும். அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. இவ்வாண்டு நீர் எவ்வளவு வரும் என்றறிய விரும்பும் உழவர்முன் நாளிதழ்ச் செய்திகள், அரசு அறிவிப்புகள், தீர்ப்புகள் எனப் பல ஆவணங்கள் குவிகின்றன. அனைத்தையும் படித்து முடிப்பதற்குள் நாற்றுவிடும் பருவமே கடந்துவிடும்.

கணினி கொண்டு சுருக்கும் முயற்சி புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன், ஒரு கட்டுரையில் அடிக்கடி வரும் முதன்மைச் சொற்களை எண்ணி, அவை செறிந்த தொடர்களைத் தெரிந்தெடுக்கும் முறையை 1958இல் வெளியிட்டார். தமிழில் இவ்வெண்ணிக்கை எளிதன்று. திருவையாறு, திருவையாற்றில், திருவையாற்றுக்கு ஆகியன ஓர் ஊரையே குறிப்பினும், சொல்வடிவத்தை மட்டும் நோக்கும் கணினி அவற்றை மூன்று சொற்களாகவே கொள்ளும். வேற்றுமைப் புணர்ச்சி கற்ற மாணவர் நொடியில் உணர்வதைக் கணினிக்குத் தனியே கற்பித்தல் வேண்டும்.

ஆவணங்கள் பலவாகும்போது, நன்னூல் நூற்குற்றமாகச் சுட்டும் ‘கூறியது கூறல்’ நேரும். இதனைத் தவிர்க்கும் வழியை 1998இல் கார்போனெல், கோல்ட்ஸ்டைன் ஆகியோர் வகுத்தனர். வினாவுக்கு நெருங்கியதாகவும் முன்னர் எடுத்தவற்றினின்று வேறுபட்டதாகவும் உள்ள தொடரே அடுத்து எடுக்கப்படும்.

‘மாறுகொளக் கூறல்’ இதனினும் கடிது. தமிழகத்துக்குக் கர்நாடகம் ஆண்டுதோறும் விடவேண்டிய காவிரி நீர், நடுவர்மன்றத்தின் 1991 இடைக்கால ஆணையில் 205 டி.எம்.சி.; 2007 இறுதித் தீர்ப்பில் 192; உச்சநீதிமன்றத்தின் 2018 தீர்ப்பில் 177.25. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) ஆண்டு குறியாது இவற்றை அடுக்கினால் படிப்பவர் மயங்குவர். வரலாறு பயிலும் மாணவருக்கு மூன்றும் வேண்டும். உழவருக்கோ இன்று நடைமுறையிலுள்ளதே வேண்டும்.

ஆகவே, படிப்பவரையே வினவிச் சுருக்கும் முறை தோன்றியது. அவினேஷ், கிறிஸ்டியன் மேயர் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையினது. கணினி ஒரு சுருக்கத்தைக் காட்டும். படிப்பவர் வேண்டும் கருத்துகளையும் வேண்டாதவற்றையும் குறிப்பார். அதற்கேற்ப அடுத்த சுருக்கம் அமையும்.

விருப்பமே முழு வழிகாட்டியாகிவிடாது. ‘அணை நீர்மட்டம்’ என்பதைத் தேர்ந்து ‘தீர்ப்பு’ என்பதை உழவர் நீக்கினார் எனக் கொள்க. ஜூன் மாதத்திற்கு 9.19, ஜூலைக்கு 31.24 டி.எம்.சி. என்னும் மாதவாரிப் பங்கீடு தீர்ப்பின்வழி வந்ததே. நாற்றுவிடும் நாளைக் கணிக்கத் துணைசெய்யும் அவ்வெண்கள் சுருக்கத்தினின்று விடுபட்டுப்போகும். நீக்கியவற்றின் தலைப்பையும், ஒவ்வொரு தொடரும் எடுக்கப்பட்ட ஆவணத்தின் பெயரையும் நாளையும் உடன்காட்டும் மென்பொருளாயின், அவர் மீண்டும் அவற்றைச் சேர்த்துக்கொள்ள இயலும்.