வாலைப் பார்த்து நியூட்ரானைப் பிரிப்பது எப்படி?

திரவ சிண்டிலேட்டர் நியூட்ரான் பட்டாலும் ஒளிரும், காமா பட்டாலும் ஒளிரும். ஒளித் துடிப்பின் உயரம் பட்டது எது என்று சொல்லாது. கவனிக்க வேண்டியது அதன் வாலை. காமா கதிர் எலெக்ட்ரானை உதைத்துத் தள்ளுகிறது. நியூட்ரான் ஹைட்ரஜன் கருவில் மோதிப் புரோட்டானைத் தள்ளுகிறது. புரோட்டான் போகும் வழியில் ஆற்றலை நெருக்கமாகக் கொட்டுவதால், தாமதமாக வரும் ஒளியின் பங்கு கூடி வால் தடிக்கிறது.

ஈஜே-301 போன்ற திரவம் இதற்குத் தோது. ஆக்சிஜன் கலந்தால் அந்தத் தாமத ஒளி அடிபட்டுப்போகும்; எனவே ஆக்சிஜன் நீக்கிச் சீல் வைத்த கலனையே வாங்குங்கள்.

முதலில் காமா மூலமான சீசியம்-137 மட்டும் வையுங்கள். மூலத்தைக் கையாளும்போது கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் உடனிருக்கட்டும். அதன் காமா ஆற்றலான 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் சிகரம் தேட வேண்டாம், இந்தத் திரவத்தில் அது எழாது. காமா மோதி எலெக்ட்ரானுக்குத் தரக்கூடிய அதிகபட்ச ஆற்றலான 477-இல் வரும் காம்ப்டன் விளிம்பை வைத்து ஒளி அளவுகோலைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து, டிஜிட்டைசரில் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு பரப்புகளைக் கணக்கிடுங்கள். ஒன்று, தொடக்கத்திலிருந்து சுமார் 300 நானோ விநாடி வரை. இன்னொன்று, உச்சிக்கு 30 நானோ விநாடி பின்னே தொடங்கும் வால் மட்டும். வாலை மொத்தத்தால் வகுத்து, மொத்த ஒளிக்கு எதிரே புள்ளிகளாக வரையுங்கள். சீசியத்துக்கு ஒரே பட்டைதான் வரும். அதுவே காமாவின் இடம். இப்போது தானாகப் பிளந்து நியூட்ரானும் காமாவும் உமிழும் கலிஃபோர்னியம்-252-ஐக் கொண்டுவந்தால் அதற்கு மேலே இரண்டாவது பட்டை எழும்.

வால் தொடங்கும் நேரத்தைச் சில நானோ விநாடிகள் முன்பின் நகர்த்தி, பட்டைகள் எங்கே நன்றாகப் பிரிகின்றன என்று பாருங்கள். வால் விகிதத்தின் பரவலை வரைந்தால் இரு பட்டைகளும் இரு சிகரங்களாகத் தெரியும்; அவற்றுக்கு நடுவேயுள்ள தூரத்தை அவற்றின் அரை உயர அகலங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தர எண் வரும். 1.27-க்கு மேல் இருந்தால் நிம்மதி. ஆனால் ஆற்றல் எல்லையைச் சொல்லாமல் இந்த எண்ணைச் சொல்வது வெறும் ஜம்பம். பட்டைகள் ஒன்றோடொன்று கலப்பது குறைந்த ஒளியில்தான். நியூட்ரானின் ஒளி எளிதில் அங்கே விழும்: 1 மெகா எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான் தரும் ஒளி, ஏறத்தாழ அதில் ஆறில் ஒரு பங்கு ஆற்றலுள்ள எலெக்ட்ரானின் ஒளிக்குச் சமம். கலக்கும் பகுதியை வெட்டி எறிய மனம் வராதவர்கள் காமாவையும் நியூட்ரான் கணக்கில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் இரண்டு போலிகள் உண்டு. ஒரு காமாவின் வாலில் இன்னொரு காமா ஏறிக்கொண்டால் நியூட்ரான் போலவே தெரியும். மூலத்தைத் தள்ளி வைத்து எண்ணும் வேகத்தைக் குறையுங்கள். டிஜிட்டைசரின் வரம்பைத் தாண்டித் தலை வெட்டுப்பட்ட துடிப்புக்கும் வால் பெரிதாகத் தோன்றும், அதை நீக்கிவிடுங்கள்.

கடைசிச் சோதனைக்கு, கலிஃபோர்னியத்தை ஒட்டி இன்னொரு உணரியை வைத்து, பிளவு நேர்ந்த கணத்தைக் குறியுங்கள். திரவக் கலன் 1 மீட்டர் தள்ளி இருந்தால், அந்தத் தூரத்தைக் கடக்கக் காமாவுக்கு 3.3 நானோ விநாடி, 1 மெகா எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரானுக்கு 72. நியூட்ரான் பட்டையில் விழுந்தும் காமாவின் நேரத்தில் வந்து சேர்ந்தவற்றை எண்ணிப் பாருங்கள். உங்கள் பிரிப்பின் பிழை எவ்வளவென்று தெரிந்துவிடும்.