நம் ஊர்க் கணக்கு நம் ஊரில் இருக்கிறதா?

வழக்கமாகப் பத்து ஆண்டுக்கு ஒரு முறை ஒருவர் நம் வாசலுக்கு வருவார். பெரும்பாலும் பள்ளி ஆசிரியராக இருப்பார். வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, எழுதப் படிக்கத் தெரியுமா, என்ன வேலை என்று கேட்பார். எழுதிக்கொண்டு போவார். இதுதான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. சென்சஸ் என்றும் சொல்கிறோம்.

2011-இல் எண்ணியபோது நாட்டில் 121 கோடிப் பேர் இருந்தோம். அவர்களில் 83 கோடிப் பேர் கிராமத்து மக்கள். 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கு கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்த கணக்கு 2027-இல் என்று 2025-இல் அரசு அறிவித்தது.

சரி, நாம் சொன்ன விவரம் எங்கே போயிற்று? நமக்குத் திரும்பி வந்ததா?

வர வேண்டும். ஏனென்றால் அந்த எண்ணை வைத்துத்தான் ஊருக்குப் பல வசதிகள் வருகின்றன. சாலையைப் பாருங்கள். 2000-இல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியது. சமவெளியில் 500 பேர் உள்ள குடியிருப்புக்குச் சாலை உண்டு. மலையிலும் பாலைவனத்திலும் 250 பேர் இருந்தால் போதும். அதற்கு அப்போது 2001 சென்சஸ்தான் ஆதாரமாக இருந்தது.

இங்கே ஒரு சிக்கல். ராஜஸ்தானில் வயல்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிச் சில வீடுகள் இருக்கும். அதை 'டாணி' என்பார்கள். பீகாரில் 'டோலா' என்பார்கள். இப்படிப் பல சேர்ந்ததுதான் ஒரு வருவாய்க் கிராமம். சென்சஸ் புத்தகத்தில் கிராமத்துக்கு ஒரே எண்தான். டாணிக்குத் தனி எண் இல்லை. சாலைத் திட்டமோ குடியிருப்பின் எண்ணைக் கேட்டது.

ஒரு டாணியில் 140 பேர் என்று வைத்துக்கொள்வோம். சாலை கிடைக்காது. ஆனால் 400 மீட்டர் நடந்தால் இன்னொரு டாணி. அங்கே 130 பேர். 500 மீட்டருக்குள் இருந்தால் சேர்த்து எண்ணலாம் என்று விதி இருந்தது. சேர்த்தால் 270. பாலைவனத்தில் இது போதும்! எண்ணும் தெரிய வேண்டும், விதியும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் என்னவென்று போய்க் கேட்பது?

துணை சுகாதார நிலையமும் இப்படித்தான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் அளவு. ஊராட்சியில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் எத்தனை இடம் என்பதும் மக்கள்தொகைப்படிதான்.

"சென்சஸ் விவரம் ரகசியம்" என்று சிலர் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இது பாதிதான் சரி. ஒரு வீட்டார் சொன்ன விவரத்தை யாருக்கும் காட்டக் கூடாது. 1948-ஆம் ஆண்டின் சென்சஸ் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஊரின் மொத்தக் கணக்கு ரகசியம் அல்ல. 1951 முதல் மாவட்டம்தோறும் கையேடு போடுகிறார்கள். ஒவ்வொரு கிராமத்திலும் எத்தனை வீடு, எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை பேர் படித்தவர்கள் என்று அதில் இருக்கும். பள்ளி, குடிநீர், பஸ் வசதி பற்றியும் இருக்கும். இணையத்திலும் கிடைக்கிறது. ஆனால் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருப்பதுதான் அதிகம். அவரவர் மொழியில், ஊராட்சிச் சுவரில் எழுதிவைத்தால் என்ன? பெயிண்ட் செலவு எவ்வளவு ஆகிவிடும்?

2011-இல் தொடங்கிய இன்னொரு கணக்கெடுப்பும் உண்டு. சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு. இதில் சாதி, மத விவரங்களை விட்டுவிட்டு, மற்ற விவரங்களை ஊராட்சியில் வெளியிட வேண்டும், கிராம சபையில் படிக்க வேண்டும் என்று விதி. தவறு இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். 2016-இல் பிரதமர் வீட்டுத் திட்டம் வந்தபோது இந்தப் பட்டியலைத்தான் எடுத்தார்கள். பட்டியலைப் பார்க்காதவருக்குத் தன் விவரம் தவறாக இருந்ததே தெரியாது. கூரை ஒழுகும் வீட்டில் காத்திருந்தார். விடுபட்டவர்களுக்காக 2018-இல் மறுபடியும் கணக்கெடுக்க வேண்டியிருந்தது.

கேட்டும் கொடுக்கவில்லையா? 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதுங்கள். மத்திய அரசு அலுவலகம் என்றால் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும்.

செய்து பாருங்கள்

நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: வீடுகள், ஆண்கள், பெண்கள், படித்தவர்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து ஊரை எண்ணுங்கள். தள்ளி இருக்கும் வீடுகளை விட்டுவிடாதீர்கள். பிறகு ஊராட்சி அலுவலகத்தில் உங்கள் ஊரின் 2011 கணக்கைக் கேட்டு, எதிரே எழுதுங்கள். இரண்டையும் அடுத்த கிராம சபைக்கு எடுத்துப் போங்கள்.